பனிவண்டிப் பாடத்தில் நான் வெட்டிய நூல்

வகுப்பறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் எனக்குப் போன் செய்தார். ஆசிரியர் பயிற்சியில் யாரோ கொடுத்த தாள் ஒன்று அவர் கையில் இருந்தது. அதன் அடியில் என் பெயர் இருந்ததாம்.

“மேடம், உங்க நாய்வண்டிப் போட்டிப் பாடத்தை எங்க ஸ்கூல்ல ஆரம்பிச்சிருக்கேன். பசங்க சூப்பரா வர்றாங்க. ஒரே ஒரு டவுட். தொடர்ந்து வராத பிள்ளையோட நாயை மூணாவது நாள் எடுக்கணுமா, அஞ்சாவது நாளா? தாள்ல சரியாத் தெரியல.”

“எந்த நாளும் எடுக்காதீங்க,” என்றேன்.

ஏன் என்று கேட்டார். போனில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அவருக்கு எழுத உட்கார்ந்தது உங்கள் எல்லோருக்குமாக ஆகிவிட்டது.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. சமூக அறிவியல் என் பாடம். பள்ளியின் இரண்டு பக்கமும் கம்பெனிகளின் மதில்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் உள்ளூர், பாதிப்பேர் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து லைன் வீடுகளில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியவர்களின் பிள்ளைகள். ஜனவரியில் நாற்பது பேர் இருக்கும் வகுப்பு மார்ச்சில் இருபத்தெட்டாகிவிடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கான்ட்ராக்ட் முடிந்திருக்கும். இல்லையென்றால் ஷிப்ட் மாறியிருக்கும், வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இருக்காது. தேர்வு நெருங்கும்போது வகுப்பு காலியாவதைப் பார்ப்பது ஒரு ஆசிரியருக்கு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அலாஸ்காவில் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரு போட்டி நடக்கிறது. பனியின் மேல் சறுக்கிப் போகும் வண்டியில் ஒரே ஒரு மனிதர். அதை இழுப்பவை பதினான்கு, பதினாறு நாய்கள். கிட்டத்தட்ட ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். இதை ஒரு பத்திரிகையில் படித்தபோது, மார்ச் மாதத்துக்குப் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று தோன்றியது.

அந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். கணக்காக இரண்டு வண்டி. சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வரைபடம் வரைந்தோம். ஆறுகள், மலைகள், நடுநடுவே தங்குமிடங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அட்டையில் தன் நாயை வரைந்து பெயர் எழுதி வெள்ளை நூலில் வண்டியோடு கட்டினார்கள். ஒரு வண்டிக்கு ‘வெண்புயல்’ என்று பெயர், இன்னொன்றுக்கு ‘பனிப்புலி’. ஒரு பையனின் அப்பா ஒரகடத்தில் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தார். உள்ளே போகும்போது போடுகிற தடித்த கோட்டை ஒருநாள் கொடுத்தனுப்பினார். முப்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் போட்டுக்கொண்டார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. வேர்த்துக் கொட்டினாலும் யாரும் சீக்கிரம் கழற்றவில்லை.

விதிகளை நான்தான் எழுதினேன். காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது ஒரு பிள்ளை வந்திருந்தால் அந்த வண்டி ஐந்து கிலோமீட்டர் நகரும். பதினாறு பேரும் வந்தால் எண்பது. இருபது பள்ளி நாளில் போட்டி முடிந்துவிடும். வராத பிள்ளையின் நாய் ஓடாமல் இழுபடும் என்பதால் அதற்காக இன்னும் ஐந்து கிலோமீட்டர் கழியும். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் நூலை வெட்டி அந்த நாயைத் தங்குமிடத்தில் இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த நாய்க்காகக் கழிக்க வேண்டியதில்லை. உண்மையான போட்டியிலும் களைத்த நாயை அப்படித்தான் மருத்துவர்களிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாடம் உண்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்று நினைத்தேன்.

பலன் இரண்டே நாளில் தெரிந்தது. காய்ச்சலோடு வந்தார்கள். கால் சுளுக்கினாலும் நொண்டிக்கொண்டு வந்தார்கள். எட்டு நாள் வகுப்பில் ஒரு இடம்கூடக் காலியாக இல்லை. தலைமை ஆசிரியர் இதை வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்லி, அவர் வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று.

மாரிச்செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அம்மா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் அசெம்ப்ளி லைனில் நின்றார். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். நாய்களுக்கு இடம் பிரித்தபோது எல்லோரும் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். இவள் கையைத் தூக்கி, “டீச்சர், நான் வண்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிடுதேன்,” என்றாள். வண்டியை ஒட்டி நிற்கும் நாய்க்குத்தான் பாரம் அதிகம் என்று முதல் நாள் நான் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுத்தான் அந்த இடத்தைக் கேட்டாள். தன் நாய்க்கு ‘லட்டு’ என்று பெயர் வைத்தாள். மற்றவர்கள் புயல், இடி, சிங்கம் என்று வைத்திருந்தார்கள். லட்டு என்றதும் வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

அன்று மதியம் சத்துணவு அமைப்பாளர் என்னைத் தேடி வகுப்புக்கே வந்தார். இருபது வருடமாக அந்தப் பள்ளியில் சோறு போட்டுக்கொண்டிருந்தவர். எந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்று அவருக்குத் தெரியும்.

“டீச்சர், அந்த மாரிச்செல்விப் பொண்ணு ரெண்டு நாளா வர்லயே, இன்னான்னு கேட்டீங்களா?”

“இல்லம்மா. நாளைக்கு வந்துடுவா.”

“திங்கக்கெழம முட்டைய துண்ணாம கர்ச்சீப்ல சுத்தி எடுத்துகினு போச்சு. ஒருநாளும் அப்டி செய்யாத பொண்ணு. வூட்ல இன்னாவோ சரியில்ல. ஒரு எட்டு போயி பாத்துட்டு வாங்களேன். பக்கத்துலதான கீது அந்த லைன் வூடு.”

“வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றாரு. அது முடியட்டும், போறேன்,” என்றேன்.

அவர் சமையலறைக்குத் திரும்பிப் போனார். அவருக்கு என் பாடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. முட்டையைப் பற்றித் தெரிந்திருந்தது. எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கிடைக்காத ஒன்றை அந்த அம்மா அன்று என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த லைன் வீடு பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை.

வியாழக்கிழமை காலை வருகைப்பதிவு முடிந்தது. ‘வெண்புயல்’ முப்பது கிலோமீட்டர் பின்தங்கியிருந்தது. அதன் தலைவன் தமிழரசன் எழுந்தான். உள்ளூர்ப் பையன், சூட்டிகையானவன்.

“டீச்சர், இன்னியோட மூணு நாளு. அவ வர்ல. நம்ம வண்டி லேட் ஆயிக்கினே கீது. ரூல் இன்னா டீச்சர்? எறக்கிடணும்ல?”

“இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே.”

“ரூலு நீங்கதான டீச்சர் போட்டீங்க?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முப்பத்தொரு முகங்களும் என்னைப் பார்த்தன. மறுநாள் அலுவலர் வரப்போகிறார். அவர் முன்னால் ஒரு வண்டி துவண்டு நிற்பதை நானும் விரும்பவில்லை. இதை இன்று ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் கேட்டார்கள், விதி இருந்தது என்றெல்லாம் அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த வேலையில் நெருக்கடி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. யாரும் கத்துவதில்லை. ஒரு நியாயமான கேள்வியை ஒரு பிள்ளை கேட்கும். பதில் சொல்ல நமக்கு அரை நிமிடம் இருக்கும்.

மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நூலை நானே வெட்டினேன். ‘லட்டு’ அட்டையை ‘இறக்கிவிடப்பட்டவை’ என்று எழுதிய கட்டத்தில் ஒட்டினேன். “இது தண்டனை இல்ல. லட்டு களைச்சுப் போச்சு, ஓய்வு எடுக்குது,” என்று வகுப்புக்கு விளக்கமும் சொன்னேன். அந்தக் கட்டத்தில் இருந்தது அந்த ஒரே அட்டைதான்.

வெள்ளிக்கிழமை அலுவலர் வந்தார். வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றார். பாராட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்னாலேயே மாரிச்செல்வி வகுப்பில் இருந்தாள். நான் உள்ளே நுழையும்போது வரைபடத்தின் முன் நின்றுகொண்டிருந்தாள். தலை சரியாக வாரவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. வகுப்புத் தோழி ஒருத்தி அவளிடம், “நீ ரெஸ்ட் எடுத்துக்கடி, நாங்க பாத்துக்கிறோம்,” என்று அன்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் மாரிச்செல்வி கேட்டாள்: “டீச்சர், எறக்கிவிட்ட நாய் மறுபடி சேந்துக்கிட முடியாதா?”

மற்ற பிள்ளைகளும் பதிலுக்காகத் திரும்பினார்கள். அலாஸ்காவில் நடக்கும் போட்டியில் ஒருமுறை இறக்கிவிட்ட நாயை அந்த ஆண்டு மீண்டும் வண்டியில் பூட்ட முடியாது. அது எனக்குத் தெரியும். வகுப்புக்கும் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“முடியாதும்மா,” என்றேன். “ஆனா நீ மேப்ல கணக்கு எழுதலாம், சரியா?”

“சரி டீச்சர்.”

நண்பர்களே, நான் முப்பத்து மூன்று ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். தவறான விடை எத்தனையோ சொல்லியிருப்பேன், மறுநாள் திருத்தியிருப்பேன். இது சரியான விடை. இதைச் சொன்னதற்குத்தான் இன்றுவரை வருந்துகிறேன். அவள் நாயைப் பற்றியா கேட்டாள்? கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு அதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

மதியம்வரை இருந்தாள். கணக்கு எழுதினாள். சாப்பிட்டாள். மதியத்துக்குப் பிறகு அவள் இடம் காலியாக இருந்தது. பையும் இல்லை.

புதன்கிழமை பள்ளி விட்டதும் அந்த லைன் வீட்டுக்குப் போனேன். எட்டு அறைகள், பொதுவாக ஒரு குழாய். மாரிச்செல்வியின் அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க டீச்சர். இந்தா, ஸ்டூல்ல உக்காருங்க.”

“மாரிச்செல்வி எங்கம்மா? உடம்பு சரியில்லையா?”

“அவளுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். சின்னவனுக்குத்தான் காய்ச்சல் நிக்கவே இல்ல. ரத்தத்துல என்னமோ கொறைஞ்சு போச்சுன்னு ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. நாலு நாளு. அவ அப்பா லாரியோட வடக்க போயிருந்தாரு. எனக்கு லீவு கெடைக்கல. இவதான் தம்பி பக்கத்துலயே இருந்தா. பன்னெண்டு வயசுப் புள்ள, நர்ஸம்மா சொன்ன நேரத்துக்கு மருந்து குடுத்து, துணி மாத்தி, எல்லாம் அவதான்.”

உள்ளே கயிற்றுக்கட்டிலில் நாலு வயதுக் குழந்தை ஒன்று படுத்திருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி.

“இப்ப பரவால்லியா?”

“பொழச்சுக்கிட்டான் டீச்சர். எலே லட்டு, அக்காவோட டீச்சர் வந்துருக்காங்க பாரு. வணக்கம் சொல்லு.”

அந்த அட்டையில் அவள் எழுதியது அவள் தம்பியின் பெயர். அவனைப் பிழைக்க வைக்க அவள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது நான் அந்தப் பெயரை வெட்டியிருக்கிறேன். அதைத்தான் அவள் திங்கட்கிழமை காலை வந்து பார்த்திருக்கிறாள்.

“மாரிச்செல்வி எங்க?” என்று மறுபடி கேட்டேன்.

“பின்னால குளியலறைல இருக்கா. நீங்க வாரதப் பாத்துட்டுப் போயிக் கதவச் சாத்திக்கிட்டா. வரமாட்டேங்கா.” அம்மா கொஞ்சம் தயங்கினார். கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியதுபோலக் கேட்டார். “டீச்சர், நாங்க மூணு நாளு வேலைக்குப் போகலன்னா நாலாவது நாளு கேட்ல கார்டு எடுக்காது. பேரத் தூக்கிருப்பாங்க. அது கம்பெனி, அப்படித்தான் இருக்கும். புள்ளைக படிக்கிற எடத்துலயும் அப்படித்தானா?”

நான் தகரக் கதவின் முன்னால் போய் நின்றேன். “மாரிச்செல்வி, வெளிய வாம்மா. தப்பு எம்மேலதான். நாளைக்கு நீயே லட்டுவக் கட்டலாம்,” என்றேன். உள்ளே வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கால்மணி நேரம் நின்றேன். கதவு திறக்கவில்லை.

மறுநாள் காலை வகுப்பில் அட்டையை எடுத்துப் பழைய இடத்தில் கட்டினேன். பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னேன். தமிழரசன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். “நான்தான டீச்சர் எறக்க சொன்னேன்,” என்று அவன் அழுதபோது, “இல்லடா, கத்தரி என் கையிலதான் இருந்தது,” என்றேன். அவனும் இன்னும் நாலு பேரும் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களிடம் பேசியிருக்கிறாள். வருகிறேன் என்றுகூடச் சொன்னாளாம். வெள்ளிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமை நான் மறுபடி போனபோது அறை பூட்டியிருந்தது. அம்மாவுக்குக் கான்ட்ராக்ட் முடிந்து சனிக்கிழமையே காலி செய்துவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கொடுத்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதாக யாரோ சொன்னார்கள் என்று அங்கே நாலைந்து தெருக்களில் அறை அறையாகக் கேட்டேன். இல்லை.

இரண்டு வண்டிகளும் இலக்கை அடைந்தன. வகுப்பு கைதட்டவில்லை.

அடுத்த ஆண்டு இதே பாடத்தை மறுபடி நடத்தினேன். நூலை வெட்டும் விதியை எடுத்துவிட்டேன். பனிவண்டிகளைப் பற்றி மேலும் படித்தபோது தெரிந்தது: வழியில் ஒரு நாய் களைத்துவிட்டால் வண்டிக்காரர் அதை அவிழ்த்துத் தன் வண்டியிலேயே படுக்கவைத்துக்கொள்கிறார். அடுத்த தங்குமிடம்வரை மற்ற நாய்கள் அதையும் சேர்த்து இழுக்கின்றன. இதை நான் முதலிலேயே படித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வராத பிள்ளையின் அட்டையை வண்டியில் வைத்தோம். அன்று மாலைக்குள் நானோ இரண்டு பிள்ளைகளோ அந்த வீட்டுக்குப் போய் வந்தோம். வருகை முந்தைய ஆண்டைப் போல அவ்வளவு பளிச்சென்று இல்லை. ஆனால் யார் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் ஆண்டுக் கோடையில் பயிற்சி முகாமில் பேச அழைத்தார்கள். மாரிச்செல்வியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு நாள் ஒரு இடம்கூடக் காலியில்லை என்று மட்டும் சொன்னேன். கைதட்டினார்கள். நான் முதலில் எழுதிய விதிகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நன்றாக நடந்த பாடம் என்று யாராவது உங்களிடம் ஒரு தாளைக் கொடுத்தால், அந்த வகுப்பிலிருந்து கடைசியில் யார் வெளியே போனார்கள் என்று கேளுங்கள். என்னிடம் அன்று யாரும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு, ஓய்வு பெற்ற பிறகு, வாலாஜாபாத் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். “டீச்சர், என்னையத் தெரியுதா?” என்று ஒரு குரல். தலை நரைத்திருந்தது. மாரிச்செல்வியின் அம்மா. மறுபடி இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறார்களாம். ஓசூரில் கொஞ்ச நாள், பிறகு ஊரில் கொஞ்ச நாள் என்று ஏழு வருடம் போயிருந்தது.

“லட்டு ஆறாவது படிக்கான் டீச்சர். நல்லாப் படிக்கான்.”

“மாரிச்செல்வி?”

“திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கா. ஆஸ்டல்ல தங்கியிருக்கா.”

“அதுக்கப்புறம் ஸ்கூலுக்குப் போகலியா?”

அவர் பைக்குள் இருந்த கத்தரிக்காய்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வேற பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா டி.சி. வாங்கிட்டு வரச்சொன்னாக. அத வாங்க ஒங்க பள்ளிக்கூடத்துக்கு வரணும்லா. அங்க வரணும்னா நான் படிக்கவே இல்லன்னுட்டா. நானும் வற்புறுத்தல. சின்னவனப் பாக்க ஆளு வேண்டியிருந்துச்சு. ஒங்களாலன்னு நெனைச்சிராதீக டீச்சர். எல்லாம் சேந்துதான்.”

அந்தப் பெருந்தன்மையைத் தாங்கிக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் உடனே போனை எடுத்து மகளை அழைத்தார். “ஏட்டி, யாரு இருக்காங்க பாரு,” என்று என்னிடம் நீட்டினார்.

“டீச்சரா? நல்லா இருக்கீங்களா டீச்சர்?” வளர்ந்த பெண்ணின் குரல். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

“நல்லா இருக்கேம்மா. மாரிச்செல்வி, அன்னிக்கு நீ கேட்டப்ப முடியாதுன்னு சொன்னேன்ல? சேரலாம்னு சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சிடும்மா.”

“ரூலு அதான டீச்சர்,” என்றாள். பிறகு, “டீச்சர், டீ பிரேக் முடிஞ்சிருச்சு. லைனுக்குப் போகணும். வச்சிரட்டுமா?”

“சரிம்மா, போ.”

ஆனால் அவள் வைக்கவில்லை. டீச்சர் முதலில் வைக்கட்டும் என்று மரியாதைக்காகக் காத்திருந்தாள். என்னால் அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை. போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.